மருந்து கேட்கவில்லையா? கூடவே என்ன கொடுத்தீர்கள்?

"மருந்து கேட்கவில்லை" என்பது கால்நடை வளர்ப்போர் வாயில் இன்று அடிக்கடி வரும் சொல். மடிநோய் கண்ட பசுவுக்கு மூன்று நாள் ஊசி போட்டும் பால் திரிந்தே வருகிறது. கழிச்சல் கண்ட கன்றுக்கு மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. கோழிகளுக்குத் தண்ணீரில் மருந்து கலந்து வைத்தும் சாவு குறையவில்லை. உடனே நாம் எடுக்கும் முடிவு இரண்டில் ஒன்று. இந்த மருந்துக்கு வீரியம் போதாது, வேறு மருந்து வாங்க வேண்டும் என்பது ஒன்று. இருக்கிற மருந்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் போட்டால் கேட்கும் என்பது மற்றொன்று.

நோயை இன்னதென்று சரியாகக் கண்டறியாததும் மருந்து கேட்காமல் போவதற்குக் காரணமாகலாம். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதும் காரணமாகலாம். ஆனால் நம் கையிலேயே இருக்கிற ஒரு காரணத்தை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. மருந்தை எதனோடு கொடுத்தோம்? பாலிலா, மோரிலா, தீவனத்திலா? எந்தத் தண்ணீரில் கலந்தோம்? அதற்கு முன்தினம் வேறு என்ன மருந்து போட்டிருந்தோம்? மருந்தை மாற்றுவதற்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. கடைகளில் ஆன்டிபயாட்டிக் என்று சொல்லி விற்கப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளில் பல, தீவனத்தோடு சேர்ந்தால் ஒரு விதமாகவும், வேறு மருந்தோடு சேர்ந்தால் இன்னொரு விதமாகவும் நடந்துகொள்கின்றன. யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கலந்து வயலில் இடக்கூடாது என்பது நமக்குத் தெரியும். அதே அறிவை மாட்டுக் கொட்டகைக்கும் கொண்டுபோக வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து கட்டிப்போடும் மருந்து

நம் கொட்டகைகளில் மிகுதியாகப் புழங்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் ஒன்று டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக்சிடெட்ராசைக்ளின், குளோர்டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகியவை இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். இதில் முதலில் வந்தது குளோர்டெட்ராசைக்ளின். அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவர அறிஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அப்போது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆரியோமைசின் என்ற பெயரில் 1948ஆம் ஆண்டு அந்த மருந்து வெளிவந்தது.

அதைச் சாப்பிட்ட நோயாளிகள் பலருக்கு வயிற்றைப் புரட்டியது. புரட்டல் அடங்குவதற்காக, வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் அலுமினியக் கூழ் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஆரியோமைசினின் அளவு வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. இது 1950ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிடப்பட்டது. அலுமினியம் மட்டுமல்ல, சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவையும் இந்த மருந்தைக் குடலுக்குள்ளேயே பற்றிக்கொள்கின்றன. பற்றிக்கொண்டபின் அது கரையாத ஒரு பொருளாகிவிடுகிறது. குடல் அதை உறிஞ்ச முடியாது. சாணத்தோடு வெளியே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய மருந்து எருக்குழிக்கு உரமாகிறது. அதிலும் கேடு உண்டு. எருக்குழிக் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகுகின்றன.

பாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களிடம் செய்த சோதனைகளில், டெட்ராசைக்ளினைப் பாலோடு சாப்பிட்டபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்து பாதிக்கும் கீழே போய்விட்டது. டாக்சிசைக்ளின் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. இருந்தாலும் ஓரளவு குறையத்தான் செய்கிறது. கன்றுக்குட்டிக்கும் இதே கதைதான். கழிச்சல் கண்ட கன்றுக்கு டெட்ராசைக்ளின் தூளைப் பாலில் கலக்கிப் புகட்டுகிறோம். குடிக்க மறுக்கும் கன்று பாலென்றால் குடித்துவிடும் என்பது நம் கணக்கு. கன்று குடித்துவிடுகிறது, மருந்து உள்ளே போய்ச் சேருவதில்லை. மோரில் கரைத்துக் கொடுத்தாலும் இதேதான். மருத்துவர் வாய்வழியே இந்த மருந்தைக் கொடுக்கச் சொன்னால் வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அதற்கும் பால் ஊட்டுவதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். தாது உப்புக் கலவையையும் இரும்புச் சத்து டானிக்கையும் அந்த நேரத்தில் தள்ளி வையுங்கள். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து வடியும் நீரும் உப்பும்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் நம்பினால், எந்த மருந்தும் கேட்காது.

கோழிக்கு வைக்கும் தண்ணீர்

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 3.5 முதல் 4 சதவிகிதம் வரை இருக்கும். குஞ்சுத் தீவனத்தில் இருப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு இது. முட்டை ஓட்டுக்கு அது வேண்டியதுதான். போதாததற்குக் கிளிஞ்சலும் வைக்கிறோம். இந்த வயிற்றுக்குள்தான் டெட்ராசைக்ளினைப் போடுகிறோம். 1950களிலும் 60களிலும் கோழி ஆராய்ச்சியாளர்கள் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அப்படிச் செய்தபோது அதே அளவு மருந்துக்குக் கோழியின் ரத்தத்தில் மருந்து கூடுதலாகச் சேர்ந்தது. எதிரி யார் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

இதற்காக முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்புச் சத்தை நாள் கணக்கில் நிறுத்திவிட்டால் ஓடு மெலிந்து முட்டை உடையும். ஒரு சிறு மாற்றம் போதும். முட்டைக்கோழி பிற்பகலிலும் மாலையிலும்தான் சுண்ணாம்புச் சத்தை விரும்பித் தேடும். ஆகவே மருந்துத் தண்ணீரைக் காலையில், தீவனம் வைப்பதற்கு முன் வையுங்கள். கிளிஞ்சலை மாலைக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய இருக்கும். டெட்ராசைக்ளின் மட்டுமல்ல, கோழிகளுக்கு மிகுதியாகக் கொடுக்கப்படும் என்ரோஃப்ளாக்சசினும் இத்தகைய தண்ணீரில் பிணைபட்டுவிடும். தொட்டியில் கலந்த மருந்து அடியில் படிந்து கிடப்பதைக் கண்டால், அந்த அளவுக்கு மருந்து கோழிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். கூடுமானால் மழைநீரையோ, உப்புக் குறைந்த கிணற்றுத் தண்ணீரையோ மருந்து கலக்க வைத்துக்கொள்ளுங்கள். நூறு இருநூறு நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்கு இது இயலாத காரியம் அல்ல. குளோரின் பவுடர் போட்ட தண்ணீரும் சில மருந்துகளைக் கெடுக்கும். மருந்து கலக்கும் நாளில் அதை நிறுத்திவிட்டு, மருந்து முடிந்தபின் மறுபடி தொடங்கலாம்.

சத்து மருந்தும் சில வேளைகளில் குறுக்கே நிற்கும். ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கொடுக்கிறோம். இது ஆன்டிபயாட்டிக் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. பார்வைக்கு வைட்டமின் பி1 போல இருந்து, ரத்தக்கழிச்சல் கிருமியை ஏமாற்றிப் பட்டினி போடுவது இதன் வேலை. கோழி சோர்ந்திருக்கிறதே என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் ஊற்றினால், கிருமிக்கு வேண்டிய பி1 கிடைத்துவிடுகிறது. ஒரு கையால் அடித்து மறு கையால் சோறு போடுவதைப் போன்றது இது. டானிக்கை மருந்து முடிந்தபின் கொடுக்கலாம்.

வாழைப்பழத்துக்குள் வைத்த மாத்திரை

பசுவுக்குக் காய்ச்சல் என்றதும், வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரைகளை வாழைப்பழத்திலோ வெல்லத்திலோ பொதிந்து கொடுத்துவிடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மாட்டின் பெருவயிறு நம் வயிற்றைப் போன்றதல்ல. வைக்கோலையும் புல்லையும் மாடு தானாகச் செரிப்பதில்லை. பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அதை நொதிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. அவை நமக்குச் சம்பளம் வாங்காமல் உழைக்கும் வேலையாட்கள். ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியே கொடுக்கும்போது முதலில் சாவது இந்த வேலையாட்களே. மாடு அசைபோடுவதை நிறுத்தும்; தீவனம் எடுக்காது; பால் இறங்கும். நோய்க் கிருமி மடியிலோ கருப்பையிலோ பத்திரமாக இருக்கும்.

அதுமட்டுமல்ல. ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வளர்ந்த மாட்டுக்கு வாய்வழியே கொடுத்தால் ரத்தத்தில் பயன்படும் அளவுக்குச் சேர்வதில்லை. அசைபோடத் தொடங்காத இளங்கன்றுக்கு இருக்கும் வசதி வளர்ந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் இல்லை. இதனால்தான் மருத்துவர் ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார். "மாத்திரையாகக் கொடுங்கள், ஊசி வேண்டாம்" என்று அவரை நாம் வற்புறுத்துவது முறையன்று.

இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பலனா?

இப்போது இரண்டாவது தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். ஒரு மருந்து ஒரு பங்கு வேலை செய்தால் இரண்டு மருந்து இரண்டு பங்கு வேலை செய்யும் என்று எண்ணுகிறோம். சில ஜோடிகளில் அது உண்மை. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் அப்படிப்பட்ட ஜோடி. பெனிசிலின் கிருமியின் சுவரைப் பலவீனப்படுத்துகிறது. அந்த ஓட்டை வழியே ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளே நுழைகிறது. சல்ஃபா மருந்தும் டிரைமெத்தோபிரிமும் இன்னொரு நல்ல ஜோடி. கிருமி தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தயாரிக்கும் பாதையில் ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நின்று மறிக்கிறது.

வேறு சில ஜோடிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் அத்தகையவை. கிருமி பெருகும்போது புதுச்சுவர் எழுப்புகிறது. கொத்தனார் சுவர் எழுப்புகையில் இடையிலிருந்து கல்லை உருவிவிடுவதுதான் பெனிசிலின் செய்யும் வேலை, கட்டிடம் சரிகிறது. டெட்ராசைக்ளின் கொத்தனாருடைய வேலையையே நிறுத்திவைக்கிறது. சுவரே எழும்பாதபோது பெனிசிலின் எந்தக் கல்லை உருவும்? கிருமி சாகாமல் உறங்குகிறது. டெட்ராசைக்ளின் அளவு குறைந்ததும் விழித்துக்கொள்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மூளைச்சவ்வுக் காய்ச்சல் கண்ட நோயாளிகளில் சிலருக்குப் பெனிசிலினும், சிலருக்குப் பெனிசிலினோடு ஆரியோமைசினும் கொடுத்து அமெரிக்க மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மருந்தும் பெற்றவர்களிடையேதான் சாவு மிக அதிகமாக இருந்தது. இந்த முடிவு 1951ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. மாட்டிலும் கோழியிலும் எல்லா நோயிலும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த ஜோடி சேரும், எந்த ஜோடி சேராது என்பதை அறிந்தவர் கையில்தான் அந்த முடிவு இருக்க வேண்டும்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? திங்கட்கிழமை ஒருவர் வந்து ஓர் ஊசி போடுகிறார். செவ்வாய்க்கிழமை குணம் தெரியவில்லை என்று இன்னொருவரை அழைக்கிறோம். முன்னவர் போட்டது என்னவென்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று சொல்வதில்லை. அவர் தம் அறிவுக்கு எட்டியபடி வேறு ஊசி போடுகிறார். இரண்டு நல்ல மருந்துகள் ஒரு மாட்டின் உடம்புக்குள் மல்லுக்கு நிற்கின்றன. ஒரே சிரிஞ்சில் இரண்டு மருந்தை உறிஞ்சிப் போடுவதும் சில இடங்களில் உண்டு. ஜென்டாமைசினையும் பெனிசிலினையும் அப்படிக் கலந்தால் ஜென்டாமைசின் சிரிஞ்சுக்குள்ளேயே செயலிழந்துபோகும். உடம்புக்குள் ஒத்துப்போகிற மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

கால்சியம் பாட்டில் ஏற்றும்போது

கன்று ஈன்ற மறுநாள் பசு எழ முடியாமல் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் காய்ச்சல், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்துபோவதே நோய். மருத்துவர் இரத்தக் குழாய் வழியே கால்சியம் மருந்தை ஏற்றுவார். நஞ்சுக்கொடி விழாமல் கருப்பையில் சீழ் பிடித்திருந்தால் அதே பசுவுக்கு ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆக்சிடெட்ராசைக்ளினை இரத்தக் குழாயில் வேகமாகச் செலுத்தினால் ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது பற்றிக்கொள்ளும். பசு மயங்கி விழக்கூடும். செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்து கால்சியம் மருந்தோடு சேர்ந்தால் திரிந்து துகளாகிவிடும். பிறந்த குழந்தைகளுக்கு இவ்விரண்டும் சேர்ந்து கொடுக்கப்பட்டு உயிர்ச்சேதம் நேர்ந்ததால் 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் எச்சரிக்கை விடப்பட்டது. ஆகவே கால்சியம் பாட்டிலோடு வருகிறவரிடம், அதற்கு முன் போட்ட ஊசியின் காலிக் குப்பியைக் காட்டுவது உங்கள் கடமை. குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு "ஏதோ வெள்ளை மருந்து" என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

தீவன மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் மருந்து

நாம் மருந்தே கொடுக்கவில்லை என்று நினைத்திருப்போம். தீவனத்தில் மருந்து இருக்கும். கறிக்கோழித் தீவனங்கள் பலவற்றில் ரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காக சாலினோமைசின், மோனென்சின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. இவையும் நுண்ணுயிரிலிருந்து பெறப்படும் மருந்துகளே. அளவோடு இருக்கும்வரை கறிக்கோழிக்குத் தீங்கில்லை. நாட்டுக்கோழி வளர்ப்போரும் கடையில் கிடைக்கிறதென்று இந்தத் தீவனத்தையே வாங்கிப் போடுகிறார்கள்.

இந்தக் கோழிகளுக்குச் சளியும் மூச்சிரைப்பும் வந்து, டயாமுலின் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் ஆபத்து தொடங்குகிறது. சாலினோமைசினையும் மோனென்சினையும் கல்லீரல் சிதைத்து வெளியேற்ற வேண்டும். டயாமுலின் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. தீவனத்தில் அளவாக இருந்த மருந்தே உடம்பில் தேங்கி நஞ்சாகிறது. கோழிகள் தீவனம் எடுக்காமல், கால் வலுவிழந்து, கால்களை நீட்டிப் படுத்துச் சாகின்றன. பார்ப்பவர்கள் வெள்ளைக்கழிச்சலோ என்று பயப்படுகிறார்கள். சாலினோமைசினுக்கும் மோனென்சினுக்கும் எரித்ரோமைசினும் சில சல்ஃபா மருந்துகளும்கூட ஆகாது. மருந்து எதுவும் கொடுக்காமலே, சாலினோமைசின் உள்ள தீவனம் வான்கோழிக்கு ஆகாது. மோனென்சின் குதிரைக்குக் கொடிய நஞ்சு. கோழித் தீவனம் மிச்சமாகிவிட்டது என்று வண்டிக் குதிரைக்கு வைத்துவிடாதீர்கள்.

கோழிக்கு மருந்து வாங்கப் போகும்போது தீவன மூட்டையில் தைத்திருக்கும் அட்டையையும் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். இதை மட்டும் செய்தாலே பல கொட்டகைகளில் சாவு குறையும்.

தடுப்பூசிக்கும் ஆகாதது உண்டு

நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கு எதிராகப் போடும் புரூசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. அடைப்பான் தடுப்பூசியிலும் உயிருள்ள வித்துக்களே இருக்கின்றன. அந்த நாட்களை ஒட்டி ஆன்டிபயாட்டிக் போட்டால், அது தடுப்பூசியில் உள்ள நல்ல கிருமியையும் கொன்றுவிடும். தடுப்பூசி போட்டதாகக் கணக்கில் இருக்கும். கன்றுக்குப் பாதுகாப்பு இருக்காது. முகாமில் ஊசி போட வருபவரிடம், "இந்தக் கன்றுக்குப் போன வாரம் மருந்து போட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். கோமாரித் தடுப்பூசி போன்ற நச்சுயிரித் தடுப்பூசிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பாலில் வடியும் மருந்து

உடம்பில் ஏறிய மருந்தில் ஒரு பகுதி பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் வரும். மருந்து போட்ட பசுவின் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாததைப் பல வீட்டுப் பெண்கள் கண்டிருப்பார்கள். உறையில் உள்ள நல்ல நுண்ணுயிரை மருந்து கொன்றுவிட்டது என்பதே அதன் பொருள். காய்ச்சினால் போய்விடும் என்று எண்ணுவது தவறு. பல மருந்துகள் கொதியிலும் அழிவதில்லை. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அந்தப் பாலைக் குடித்தால் உடம்பு தடிக்கலாம், மூச்சும் திணறலாம்.

மருந்து போட்டபின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதைக் குப்பியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு நம் நாட்டு மருந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட மருந்துக்குச் சோதனை செய்து கெடு வகுக்கப்படாதபோது, பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்குக் குறையாமலும், இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையாமலும் கெடு இருக்க வேண்டும். இரண்டு மருந்து போட்டிருந்தால் எதற்குக் கெடு நீண்டதோ அதையே பின்பற்ற வேண்டும். தேவையில்லாமல் சேர்க்கும் இரண்டாவது மருந்து, அதன் விலையை மட்டுமல்ல, பல நாள் பாலின் விலையையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. சிறு விவசாயிக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

நமக்கும் இதே விதிதான்

மாட்டுக்குச் சொன்னது மனிதனுக்கும் பொருந்தும். சேற்றில் இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் வந்தால் மருத்துவர் டாக்சிசைக்ளின் கொடுப்பது உண்டு. சிறுநீர்த் தாரை நோய்க்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுப்பது உண்டு. "சூட்டு மாத்திரை" என்று அதைப் பாலோடும் மோரோடும் விழுங்குவது நம் வழக்கம். பாலோடு சாப்பிட்டால் சிப்ரோஃப்ளாக்சசின் ரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரும்புச் சத்து மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தும் இதைவிட மோசம். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்; பாலையும் மோரையும் சில மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அமாக்சிசிலினை உணவோடு சாப்பிடலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் நன்கு சேரும். மருந்துக்கு மருந்து விதி வேறு. ஆகவே மருந்துச் சீட்டு வாங்கும்போதே "சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? பாலோடு சாப்பிடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை.

பொறுப்பு யாருடையது?

இதுவரை சொன்னதைக் கேட்டு, "எல்லாப் பழியையும் விவசாயி தலையிலேயே போடுகிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழி விவசாயிக்கு மட்டும் உரியதன்று. குப்பியின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதுவும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்து. தமிழ்நாட்டில் விற்கும் கால்நடை மருந்து ஒவ்வொன்றிலும், எதனோடு கொடுக்கக்கூடாது, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்ற இரண்டு வரியாவது தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். தீவன மூட்டையிலும் அதில் கலந்துள்ள மருந்தின் பெயர் அப்படியே இருக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவில் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி நச்சுத்தன்மைக்கு நிறக்குறி போட முடிகிறபோது, கால்நடை மருந்துக்கு இரண்டு வரி தமிழ் எழுத முடியாதா?

கால்நடை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசி போட்டதும் மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வருபவர் இருட்டில் தடவ வேண்டியிருக்காது. வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனால் எழுதுவதற்கு ஆகும் ஒரு நிமிடம் ஒரு மாட்டைக் காப்பாற்றக்கூடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த மாட்டுக்கு, எந்தத் தேதியில், என்ன மருந்து, எதனோடு கொடுத்தோம் என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிவிடும். காலிக் குப்பிகளை நோய் தீரும்வரை எறியாதீர்கள். "மருத்துவர் வர நேரமாகும், அதுவரை கடையில் கேட்டு ஏதாவது போடலாமா?" என்று நினைக்கும்போது, கால்நடை அவசர உதவிக்கென உள்ள 1962 என்ற எண்ணை முதலில் கூப்பிடுங்கள். ஆன்டிபயாட்டிக்கை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். மருந்து கேட்காதபோது அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். பாலோடும் சுண்ணாம்போடும் போன மருந்தை இரண்டு மடங்காக்கினால் செலவும் பக்கவிளைவும்தான் இரண்டு மடங்காகும்.

இதில் நம் கொட்டகையைத் தாண்டிய ஒரு கவலையும் இருக்கிறது. அரைகுறையாக உடம்பில் சேர்ந்த மருந்து கிருமியை முழுக்கக் கொல்லாது. தாக்குப்பிடிக்கும் கிருமிகளைத் தேர்ந்து வளர்த்துவிடும். பயிரில் ஒரே பூச்சிமருந்தை அரை அளவில் அடித்துப் புழுவுக்குப் பழக்கிவிடுவதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத நிலையில் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்து கோலிஸ்டின். அது கோழித் தீவனத்திலும் புழங்கியது. அதன் வீரியம் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன் பண்ணைகளுக்கும் அதைப் பயன்படுத்துவதை 2019ஆம் ஆண்டு மத்திய அரசு தடை செய்தது. இன்று கையில் இருக்கும் மருந்துகளை நாம் வீணாக்கினால், நாளைக்குத் தடை செய்வதற்குக்கூட மருந்து மிஞ்சாது.

மருந்து கேட்கவில்லை என்றால் கடைக்கு ஓடுவதற்கு முன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். என்ன கொடுத்தோம், எதனோடு கொடுத்தோம், அதற்கு முன் என்ன போட்டோம், என்ன தீவனம் வைத்தோம்: இந்த நான்குக்கும் விடை தெரிந்த விவசாயியிடம் கால்நடை மருத்துவர் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.